கொட்டகையில் கிடந்த அப்பாவின் ராலே சைக்கிளை மறுபடி ஓட்ட முடியுமா?

பாலக்கோட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். புளி மூட்டை அடுக்குகிற கொட்டகையை இடித்துக் கட்டலாம் என்று போன வாரம் உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்தோம். பழைய சாக்குகளுக்குப் பின்னால் அப்பாவின் ராலே சைக்கிள் சாத்தியபடியே நின்றது. 1974-இல் தர்மபுரியில் வாங்கியது. காரிமங்கலம், மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை என்று தோட்டம் தோட்டமாகப் போய் புளியமரம் குத்தகை பேசியது எல்லாம் இதில்தான், நான் குரங்கு பெடல் அடித்துக் கற்றுக்கொண்டதும் இதில்தான். மொபெட் வந்த பிறகு ஓரம் கட்டினார், எப்படியும் இருபது வருடம் ஆகியிருக்கும்.

இப்போதைய நிலை: டயர் இரண்டும் கல்லாகிவிட்டன. பின் சக்கரம் சுற்றவே இல்லை. பெடலை மிதித்தால் அரை சுற்று போய் நிற்கிறது. ரிம், ஹேண்டில் பார் எல்லாம் துரு. முன் பிரேக் கம்பி வளைந்திருக்கிறது. தோல் சீட்டு கோடைகால ஏரி மாதிரி வெடித்துக் கிடக்கிறது. ஆனால் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தபோது பார் மேல் கறுப்புப் பெயின்டும் தங்கக் கோடும் அப்படியே இருக்கின்றன, முன்னால் கொக்குத் தலை பேட்ஜும் இருக்கிறது. செயின் கவரில் அப்பா பெயரைப் பெயின்டரிடம் சொல்லி எழுதி வைத்திருந்தார், அதுவும் பாதி தெரிகிறது.

ஊரில் ஒரு கடையில் காட்டினேன். காட்டர் பின் (பெடல் மாட்டிய கிராங்குக் கையை அச்சோடு பிடித்து வைக்கிற ஆணி) கழறாது, எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்றார்கள். எனக்கு மனசில்லை. அப்பாவுக்கு 78 வயது, அவர் கண் முன்னால் இது ஒரு தடவையாவது ஓட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? பெயின்ட் அடிக்க வேண்டுமா? இது இங்கிலாந்து ராலேயா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் சைக்கிள் கடை:

தம்பி, எடைக்குப் போடாதீர்கள். நீங்கள் சொன்னதில் ஃபிரேம் உடைந்தது என்று எங்கேயும் இல்லை, மற்றது எல்லாமே சரி செய்யக்கூடியது. 1974 என்றால் அநேகமாக இந்தியாவில் செய்ததுதான். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் இருந்த ராலே கம்பெனியோடு சேர்ந்து மேற்கு வங்கம் ஆசன்சோலில் சென்-ராலே என்று தொழிற்சாலை வைத்திருந்தார்கள், 1950-களின் தொடக்கத்திலிருந்து அங்கே வண்டி வந்தது, 1980-இல் அரசு அதை நாட்டுடைமை ஆக்கியது. பேட்ஜை நன்றாகத் துடைத்துப் படியுங்கள், எங்கே செய்தது என்று அதிலேயே இருக்கும். இந்திய வண்டி என்றால் வருத்தப்பட வேண்டாம், அந்தக் காலத்து இரும்பு நல்ல இரும்பு, சாமானும் சுலபமாகக் கிடைக்கும்.

முதல் வேலை ஃபிரேமைப் பார்ப்பது. முன் கழுத்துக்குக் கீழே, சாய்வுக் குழாயின் அடிப்பக்கத்தில் பெயின்ட் குறுக்காக வெடித்திருக்கிறதா, குழாய் புடைத்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். எப்போதாவது நேராக மோதியிருந்தால் அங்கேதான் காட்டும். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், பின்பக்கம் தள்ளி இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரி என்றால் மேலே செலவு செய்யலாம், இல்லையென்றால் சுவரில் மாட்டி வையுங்கள்.

அப்புறம் முழு ஓவராயில். மேலே எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்க்கிற வேலையே வேண்டாம், இருபது வருட கிரீஸ் உள்ளே மெழுகாகி இருக்கும், சுற்றினால் பேரிங் குண்டு உருள்கிற கப்பும் கோனும் கீறிப்போகும். எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் போடுங்கள். குண்டுகளை எண்ணி வையுங்கள். வழக்கமாக முன் வீலில் பக்கத்துக்கு 10, பின் வீலில் பக்கத்துக்கு 9, பெடல் அச்சில் பக்கத்துக்கு 11 வரும். முன் வீலுக்குச் சின்ன குண்டு, மற்ற இரண்டுக்கும் கால் அங்குலம். பழைய குண்டு பளபளவென்று இருந்தாலும் திரும்பப் போடாதீர்கள், குண்டு விலை பெரிய விலை இல்லை. கோனில் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் இருந்தால் கோனும் புதிது. பிரீவீலை (மிதிக்காதபோதும் பின் சக்கரத்தை உருள விடுகிற பல்சக்கரம்) மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுற்றிச் சுற்றி அழுக்கை வெளியேற்றி, மெல்லிய எண்ணெய் மட்டும் விடுங்கள். அதற்குள் கிரீஸ் வைத்தால் பல் ஒட்டிக்கொண்டு மிதிக்கும்போது வழுக்கும், மிதிக்கிறவன் கீழே விழுவான். என் கடைக்கு வருகிற பழைய வண்டிகளில் பாதி இப்படிக் கெட்டவைதான்.

அரூர் ரோடு:

பெயின்டை முழுக்கச் சுரண்டி பவுடர் கோட்டிங் கொடுத்துவிடுங்கள். புதுசு மாதிரி ஆகிவிடும், துருவும் வராது.

ஊத்தங்கரை:

அண்ணா, தயவுசெய்து பெயின்ட் மேல் கை வைக்காதீர்கள். நான் அதைச் செய்து இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். என் தாத்தாவின் ஹெர்குலிஸை ஒரு இடத்தில் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தேன். மணல் வீசிச் சுத்தம் செய்ததில் கோடு போயிற்று, செயின் கவரில் இருந்த தாத்தா பெயர் போயிற்று, திரும்பி வந்ததும் பெடல் அச்சுக் கப்பை உள்ளே ஏற்ற முடியவில்லை, மரைக்குள் எல்லாம் பெயின்ட். மரையை மூடச் சொல்லியும் மூடவில்லை. சுரண்டி எடுக்க இரண்டு நாள். இப்போது அது பளபளப்பாக நிற்கிறது, ஆனால் பாட்டி பார்த்துவிட்டு இது யாருடைய வண்டி என்று கேட்டார்.

உங்கள் அப்பா பெயர் பாதி தெரிகிறது என்கிறீர்கள், அதுதான் அந்த வண்டியிலேயே விலை உயர்ந்த இடம். பெட்ரோல், தின்னர் எதுவும் அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள், தங்கக் கோடு நொடியில் கரைந்துவிடும். கொஞ்சம் சோப்பு கலந்த தண்ணீர், மென்மையான பனியன் துணி, அவ்வளவுதான். காய்ந்ததும் மெழுகு பாலிஷ் மெல்லியதாக. துரு தெரிகிற இடத்தில் மட்டும் துருவை எடுத்துக் கறுப்பைத் தொட்டு வையுங்கள்.

குரோம் துருவுக்குப் புளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கெட்டியாகக் கரைத்துத் தடவி ஒரு மணி நேரம் விட்டு, சிகரெட் அட்டைக்குள் இருக்கிற மாதிரி அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், குரோமில் கீறல் விழுந்தால் அந்தக் கீறல் வழியாகவே மறுபடி துருப்பிடிக்கும். ஒன்று முக்கியம், புளியைக் கழுவியதும் உடனே வெயிலில் உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். ஈரமாக ஒரு மணி நேரம் விட்டால் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு வந்துவிடும்.

ஓசூர் லேத்து:

காட்டர் பின் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். கழறாத பின் என்று ஒன்று இல்லை, பொறுமை இல்லாமல் அடித்துத் தலை நசுங்கிய பின்தான் உண்டு.

மூன்று நாள் முன்னாலிருந்தே காலையும் மாலையும் டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து இரண்டு பக்கமும் சொட்டு விடுங்கள். நட்டை முழுக்கக் கழற்றாமல் மரை முனையோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள், அடி மரை மேல் விழாமல் நட்டு தாங்கும். பிறகு ஒரு கனமான இரும்புக் குழாய்த் துண்டைத் தரையில் செங்குத்தாக நிற்க வைத்து, பின்னின் தலை குழாயின் வாய்க்குள் தொங்கும்படி கிராங்கை அதன் மேல் உட்கார வையுங்கள். இந்தத் தாங்கல்தான் விஷயமே. தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கிற குண்டுக்கும் கப்புக்கும் போகும், பின் அசையாது. ஒரு கிலோ சுத்தியலால் நேராக ஒரே அடி. பத்துச் சின்ன அடியை விட ஒரு நல்ல அடி மேல்.

அதற்கும் வரவில்லை என்றால் மரையை அறுத்துவிட்டு நடுவில் துளை போட்டுத் தட்டி எடுக்கலாம், லேத்துப் பட்டறையில் கால் மணி நேர வேலை. கிராங்கும் அச்சும் பிழைக்கும், பின் மட்டும்தான் போகும். புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள், 9.5 மில்லியும் உண்டு, 9 மில்லியும் உண்டு, பார்வைக்கு ஒன்று போல இருக்கும். சரிவு முகம் அச்சின் வெட்டில் முழுதாகப் படிகிற மாதிரி அரத்தால் கொஞ்சம் ராவ வேண்டி வரலாம். இரண்டு பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இறங்க வேண்டும், இல்லையென்றால் பெடல் இரண்டும் நேர்க்கோட்டில் நிற்காது.

இன்னொன்று. செயின் பக்கத்துக் கப்பில் இடது மரை, இடப்பக்கப் பெடலிலும் இடது மரை. தெரியாமல் வழக்கமான பக்கம் திருகி இறுக்கிவிட்டு, துருப்பிடித்துவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். செயின் பக்கத்துக் கப்பைக் கழற்றாமலே உள்ளே துடைத்துவிடலாம், அது நல்ல நிலையில் இருந்தால் தொடாதீர்கள். ஒருவேளை வண்டி இங்கிலாந்து ராலேயாக இருந்து கப்பை மாற்ற வேண்டி வந்தால் எச்சரிக்கை, அதில் அங்குலத்துக்கு 26 மரை, சாதாரணமாகக் கிடைப்பது 24. கையால் மூன்று சுற்று தானாக ஏறினால்தான் சரியான கப்பு. ஸ்பானர் வைத்து ஏற்றினால் ஃபிரேம் மரை போய்விடும்.

பாலக்கோட்டுக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பேட்ஜில் மேட் இன் இந்தியா என்று இருக்கிறது. ஃபிரேமில் வெடிப்பு இல்லை, பெயின்ட் அடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ரிம்மையும் டயரையும் பற்றிச் சொல்லுங்கள். கம்பி பிரேக்கை எடுத்துவிட்டு ஒயர் பிரேக் போடலாமா?

பென்னாகரம் மலைப்பாதை:

டயர் 28 அங்குலத்துக்கு ஒன்றரை, இன்றைக்கும் எல்லாச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். பழைய டயர் வெடிக்காமல் இருந்தாலும் அதில் ஓட்டாதீர்கள். டியூபோடு வால்டியூப்பும் புதிதாகப் போடுங்கள், காற்று நிற்கவில்லை என்று பஞ்சர் தேடுகிற பாதி நேரம் அந்த ஒரு துண்டு ரப்பரால்தான். ரிம்மின் உள்பக்கத்தில் கம்பி துளைகளைச் சுற்றித் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். இரும்பு பொருபொருவென்று உதிர்ந்தால் ரிம்மை மாற்ற வேண்டும், மேலாக மட்டும் துரு என்றால் அந்த ரிம்மே போதும். மாற்றினால் துளையை எண்ணுங்கள், இந்த வண்டிகளில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40. பின்னால்தானே மூட்டை ஏறுகிறது. பெண்டு எடுப்பதை, அதாவது சக்கரத்தின் கோணலை நிமிர்த்துவதை, மட்டும் கை தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

கம்பி பிரேக்கை மாற்ற நினைக்காதீர்கள். அந்த ரிம்மின் பக்கவாட்டு வளைவாக இருக்கும், கட்டை உள்பக்கமாக மேலே தூக்கி அழுத்துகிற அமைப்பு அது. ஒயர் பிரேக் கட்டைக்குப் பிடிக்கத் தட்டையான இடமே கிடையாது. வளைந்த கம்பியைக் கழற்றி மரக்கட்டை மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தலாம். புதுப் பிரேக் கட்டை நான்கும் போட்டு, ரிம்முக்கும் கட்டைக்கும் இரண்டு மூன்று மில்லி இடைவெளி வையுங்கள்.

ஆனால் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு ரிம் நனைந்தால் இந்தப் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. பாலக்கோடு ரோட்டில் எதுவும் பயமில்லை. எங்கள் பக்கம் ஒகேனக்கல் இறக்கத்திலோ, தொப்பூர் கணவாயிலோ இதை இறக்கவே கூடாது. நான் சின்ன வயதில் மழையில் ஒகேனக்கல் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியவன், முழங்காலில் தழும்பு இருக்கிறது.

சீட்டு விஷயம்: தோல் ஆணி அடித்த இடத்தில் கிழியாமல் இருந்தால் பிழைக்கும். எண்ணெயில் ஊறப்போடாதீர்கள், தோல் தொங்கிவிடும். கீழ்ப்பக்கம் மெல்லியதாகத் தோல் பாலிஷ், நாலைந்து நாள் இடைவெளி விட்டு மறுபடி. மூக்குப் பக்கத்து நட்டை அரைச் சுற்றுக்கு மேல் இறுக்காதீர்கள்.

பாலக்கோட்டுக்காரன்:

மூன்று வாரம் ஆயிற்று. வண்டி ஓடுகிறது!

இடப்பக்கக் காட்டர் பின் குழாய் வைத்து அடித்த இரண்டாவது அடியில் வந்தது. வலப்பக்கம் வரவில்லை, பட்டறையில் துளை போட்டு எடுத்தோம். முன் ரிம் தப்பித்தது, பின் ரிம் உதிர்ந்துவிட்டது, புதிது. குண்டு, இரண்டு கோன், டயர், டியூப், பிரேக் கட்டை, செயின், பெண்டு எடுத்த கூலி எல்லாம் சேர்த்து 3,150 ரூபாய். சீட்டு ஆணி பக்கம் கிழிந்துவிட்டது, இப்போதைக்கு வேறு சீட்டு போட்டிருக்கிறேன், பழையதை எடுத்து வைத்திருக்கிறேன். புளியில் ஹேண்டில் பார் வந்த விதத்தைப் பார்த்து அம்மாவே ஆச்சரியப்பட்டார், குத்துவிளக்குக்குத்தான் இதுவரை போட்டிருக்கிறார். ஹேண்டிலுக்குக் கீழே அழுக்கைச் சுரண்டும்போது பஞ்சாயத்து சைக்கிள் வரி வில்லை ஒன்று கம்பியில் கட்டியபடியே இருந்தது. அதை அவிழ்க்கவில்லை.

அப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தெருக்கோடி வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன், மிதிக்காமல் உருட்டி வரும்போது பிரீவீல் சத்தம் கேட்டு எழுந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் மணி அடித்தார். அப்புறம் டைனமோ எரிகிறதா என்று கேட்டார். எரியவில்லை, அடுத்த வேலை அதுதான்.

ஒரு சந்தேகம் மட்டும். நேற்று மாரண்டஅள்ளி வரை போனேன். வரும்போது வலது பெடல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் டக் என்கிறது. குண்டில் கோளாறா?

ஓசூர் லேத்து:

குண்டு இல்லை, புதுக் காட்டர் பின் இப்போதுதான் இடத்தில் படிகிறது. எல்லா வண்டியிலும் முதல் சில கிலோமீட்டரில் இது வரும். கிராங்குக்குக் கீழே அதே குழாயை வைத்து, பின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நட்டை இறுக்குங்கள். இன்னொரு இருபது கிலோமீட்டர் கழித்து மறுபடி ஒரு தடவை. அதுவரை டக் சத்தத்தோடு ஓட்டாதீர்கள், தளர்ந்த பின்னோடு மிதித்தால் கிராங்கின் ஓட்டை நீண்டுவிடும், அதற்கு மருந்து கிடையாது.

டைனமோவுக்கு முதலில் பல்பைப் பாருங்கள், 6 வோல்ட். அடுத்து விளக்கு மாட்டிய கிளாம்பில் துருவைச் சுரண்டுங்கள், அதற்கு ஒரே ஒயர்தான், திரும்பி வருகிற கரன்ட் ஃபிரேம் வழியாகத்தான் வர வேண்டும்.