80 வருஷத்துக்கு முந்தின டாம் அண்ட் ஜெர்ரிக்கு இன்னைக்கும் எப்படிச் சிரிப்பு வருது?

திண்டுக்கல் மருமகள்:

எங்க வீட்டுல ராத்திரி ஏழரை ஆனா டிவி முன்னாடி ரெண்டு பேர் உக்காந்துருவாங்க. ஒருத்தன் என் மகன், ஆறு வயசு. இன்னொருத்தர் என் மாமனார், எழுபத்து நாலு வயசு. நாப்பது வருஷம் பூட்டுப் பட்டறையில அரம் பிடிச்ச கை. காது இப்போ பாதிதான் கேக்குது. ரெண்டு பேரும் பாக்குறது பழைய டாம் அண்ட் ஜெர்ரி மட்டும்தான். வேற எதையாவது போட்டா அரை நிமிஷத்துல மாமா கண்டுபிடிச்சு "இது அந்தப் பூனை இல்லம்மா, மாத்து"ன்னுடுவார். புதுசா வந்த கம்ப்யூட்டர் கார்ட்டூனுக்குப் பேரன் எந்திரிச்சுப் போயிடுறான், மாமா கண்ண மூடிடுறார்.

பூனையும் எலியும் துரத்துறதும் எல்லாத்துலயும் ஒண்ணுதானே? அப்புறம் ஏன் பழசுக்கு மட்டும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க? "சின்ன வயசு ஞாபகம்"னு மட்டும் சொல்லிடாதீங்க. என் மகனுக்கு ஏது பழைய ஞாபகம்!

கரிசல்காட்டான்:

வசனம் அதிகம் இல்லைங்க, அதான். பேச்சு ரொம்பக் குறைவுங்கிறதால பாஷை தெரியாதவங்க, காது கேக்காதவங்க எல்லாருக்கும் போய்ச் சேருது.

பென்சில்முனை:

தம்பி சொல்வது சரி, ஆனால் அது மட்டும் போதாது. 1961, 62இல் ப்ராக் நகரத்தில் ஜீன் டைட்ச் என்ற இயக்குநர் 13 டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் எடுத்தார். அவற்றிலும் பேச்சு குறைவுதான். அம்மா, உங்கள் மாமனார் மாற்றச் சொல்வதில் அவையும் இருக்கும் என்று நினைக்கிறேன். அசைவு வெடுக்வெடுக்கென்று இருக்கும், சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். டைட்சைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடி விழும்போது சிரிப்பு வராது.

நான் சென்னையில் ஒன்பது வருடம் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்கு இன்பிட்வீன் போட்டவன். முக்கியமான படங்களைப் பெரிய ஆர்ட்டிஸ்ட் வரைவார். அவற்றுக்கு நடுவில் வரும் படங்களை லைட் பாக்ஸில் வைத்து நிரப்புவது எங்கள் வேலை. சேர்ந்த புதிதில் சீனியர் ஒரு பயிற்சி கொடுத்தார்: பூனை தலையில் இஸ்திரிப் பெட்டி விழவேண்டும். பெட்டி கீழே இறங்குவதற்கு நான் ஆறு படம் வரைந்தேன். கோடு ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது. பென்சில் டெஸ்ட், அதாவது பென்சில் கோட்டுப் படங்களை மட்டும் வரிசையாகப் படம்பிடித்து ஓட்டிப் பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை, பூனையைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சீனியர் ஆறில் நான்கை உருவி எடுத்தார். பூனை அண்ணாந்து பார்க்கும் ஒரு படத்தை மட்டும் 16 ஃபிரேம் அசையாமல் நிறுத்தினார். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள் ஓடும். 16 ஃபிரேம் என்றால் முக்கால் நொடிக்கும் குறைவு. பூனைக்குத் தெரிந்துவிட்டது, நமக்கும் தெரிந்துவிட்டது, பெட்டி மட்டும் இன்னும் வரவில்லை. அப்புறம் இரண்டே படத்தில் டமார். என் கோடுகள் அதேதான். ரூம் முழுக்கச் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் இந்தத் தொழில் எனக்குப் பிடிபட்டது. சிரிப்பு அடியில் இல்லை, அடிக்கு முன்னால் நிற்கும் அந்த இடைவெளியில் இருக்கிறது.

டாம் அண்ட் ஜெர்ரியில் அந்த இடைவெளியை அளந்து வைத்தவர், அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான வில்லியம் ஹன்னா. ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் இன்னொருவரான ஜோசப் பார்பரா கதையைப் படம் படமாக வரைந்து கொடுப்பார், எந்த அசைவுக்கு எத்தனை ஃபிரேம் என்று ஹன்னா கணக்குப் போடுவார். 1940இல் வந்த முதல் படத்தில் பூனைக்கு டாம் என்ற பெயர்கூடக் கிடையாது, ஜாஸ்பர் என்று கூப்பிடுவார்கள். அதிலிருந்து 1958 வரை 114 படங்கள், ஏழு ஆஸ்கர். கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு ஆறு படம். ஏழு நிமிடப் படம் ஒன்றுக்குப் பத்தாயிரம் ஃபிரேமுக்கு மேல் வரும். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு ஓவியம் என்று வைத்தாலும் ஐயாயிரம் ஓவியம். வேகமான இடங்களில் ஃபிரேமுக்கு ஒன்று. எல்லாம் கையால் வரைந்தது.

டாம் அலறுவதும் ஹன்னாவின் சொந்தக் குரல்தான். அலறலின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட்டு, நடுவில் உச்சத்தில் இருக்கும் துண்டை மட்டும் வைத்தார்கள். மூச்சு இழுப்பது கேட்டால் நமக்கு வலிக்கும். அது இல்லாததால் சிரிக்கிறோம்.

1957இல் எம்.ஜி.எம். கார்ட்டூன் பிரிவை மூடினார்கள்; ஏற்கெனவே எடுத்து முடித்த படங்கள்தான் 1958 வரை வந்தன. இதே இரண்டு பேரும் டிவிக்குப் போனார்கள். அங்கே பணம் குறைவு, அதனால் வரையும் ஓவியங்களும் குறைவு. உடம்பு அசையாமல் வாய் மட்டும் அசையும் கார்ட்டூன்கள் வந்தன. குறைந்த அசைவை ஈடுகட்டப் பேச்சைக் கூட்டவேண்டி வந்தது.

விரல்நுனி:

பென்சில்முனை அண்ணா, இசையை விட்டுட்டீங்களே! நான் பிள்ளைகளுக்கு பியானோ சொல்லித் தர்றேன். அந்தப் படங்கள்ல பெரும்பாலானதுக்கு இசை ஸ்காட் பிராட்லி. டாம் பூனைநடை போட்டா வாத்தியமும் கூடவே நடக்கும், படியில உருண்டா வாத்தியமும் உருளும்.

"தி கேட் கான்செர்டோ"வை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். 1946ஆம் வருஷப் படங்களுக்கான ஆஸ்கர் வாங்கினது. டாம் கோட்டு மாட்டிக்கிட்டு மேடையில உக்காந்து ஃபிரான்ஸ் லிஸ்ட்ங்கிற இசையமைப்பாளரோட ரெண்டாவது ஹங்கேரியன் ராப்சடியை பியானோல வாசிக்கும். ஜெர்ரி பியானோவுக்குள்ள சுத்தியல்கள் மேல தூங்கிட்டு இருக்கும். முழு சண்டையும் அந்த ஒரே உருப்படிக்குள்ள நடந்து முடியும். ஸ்வரம் மேல போனா டாமோட கை வலது பக்கம் போகும், கீழ இறங்கினா இடது பக்கம் வரும். கண்ண மூடிக்கிட்டு என்ன ஒரு கம்பீரம்!

அதுல ஒரு இடம். ஜெர்ரி பியானோ கட்டைகள் சிலதை எடுத்துட்டு அங்க எலிப்பொறியை வச்சிடும். டாம் பொறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாசிச்சுக்கிட்டே இருக்கும், விரல் பொறியில படாது. இப்போ பட்டுடும், இப்போ பட்டுடும்னு நம்ம விரல் கூசும். அப்புறம்தான் மாட்டும். என் மாணவர்களுக்கு சரியான நேரம் வரைக்கும் எப்படிக் காத்திருக்கணும்னு சொல்லித்தர இதைத்தான் போட்டுக் காட்டுறேன்.

கரிசல்காட்டான்:

ஒண்ணு சொல்லணும். அந்தப் படங்கள்ல முகம் காட்டாம காலை மட்டும் காட்டுற கறுப்பின வேலைக்காரம்மா வருவாங்க. குரல் கொடுத்தவங்க லில்லியன் ராண்டால்ஃப். அமெரிக்காவுல கறுப்பின மக்களை இழிவாக் காட்டுற வழக்கத்துலேர்ந்து வந்த பாத்திரம் அது. 1960கள்ல டிவிக்காகச் சில படங்கள்ல அவங்கள நீக்கி, வெள்ளைக்காரப் பெண்ணா மாத்தி வரைஞ்சாங்க. வெடி வெடிச்சதும் டாம் முகம் கறுப்பாகி உதடு தடிக்கிற இடங்களும் இருக்கு. பிள்ளைங்க பாக்குறப்ப பெரியவங்க பக்கத்துல இருக்கணும்.

பென்சில்முனை:

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. அந்த முகம் கறுக்கும் இடங்களை என் மகளுக்கு நான் போட்டதில்லை. வரைந்த கை எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் அதில் எனக்குச் சிரிக்க எதுவும் இல்லை.

விரல்நுனி, அந்த எலிப்பொறி இடத்தை வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். டாமின் முகத்தைக் கவனியுங்கள். அது பொறியைப் பார்க்கவே இல்லை, பாட்டில் இருக்கிறது. நடிப்பு என்று நான் சொல்வது அதைத்தான். புதியவற்றில் எல்லாமே ஓயாமல் அசைகின்றன. கண், காது, மீசை, பின்னால் உள்ள மரம்கூட. எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

திண்டுக்கல் மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி அந்த பியானோ படத்தைத் தேடிப் போட்டேன். நான் டிவியப் பாக்கல, அவங்க ரெண்டு பேரையும்தான் பாத்தேன். பொறி வந்ததும் என் மகன் ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டான். விரல் மாட்டுறதுக்கு முன்னாடியே தோள் குலுங்குது. மாமா சேர்ல முன்னாடி நகர்ந்து உக்காந்தார். பொறி விழுந்ததும் கைதட்டினார்.

"பாட்டு கேக்குதா மாமா?"ன்னு கேட்டேன். "கொஞ்சம் கேக்குது. கம்பிய எப்ப விடணும்னு தெரிஞ்சவன் பண்ணிருக்கான்மா"ன்னார். பட்டறையில பூட்டுக்கு ஸ்பிரிங் வைக்கிறப்போ இப்படித்தான் விசையோட விளிம்புல நிறுத்திப் பாப்பாங்களாம். அதைப் பேரனுக்குச் சொல்லணும்னு எந்திரிச்சுப் போய், பரண்ல கிடந்த பழைய மாங்காப் பூட்டு ஒண்ணை எடுத்துட்டு வந்தார். ஒன்பது மணி வரைக்கும் ரெண்டு பேரும் தரையில உக்காந்து சாவியத் திருகித் திருகிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.