புதுப்பிப்பு: சுண்டெலியை விட்டு எலிக்கு வராத பால் பைத்தான்

சுண்டெலி மட்டுமே தின்னும் பால் பைத்தானை (ball python, வீட்டில் வளர்க்கும் ஒருவகைச் சிறிய மலைப்பாம்பு) உறையவைத்த எலிக்குப் பழக்க, எலியின் மேல் சுண்டெலிக் கூண்டு மரத்தூளைத் தேய்க்கச் சொல்லியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். தேய்த்த எலியை நேரே வெந்நீரில் போட்டால் வாசனை கழுவிக்கொண்டு போய்விடும்.

முந்தின இரவே எலியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் உருக விடுங்கள். மறுநாள் மாலை ஒரு பிடி சுண்டெலிக் கூண்டு மரத்தூளோடு ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி, 40 டிகிரி நீரில் 20 நிமிடம். கொதிநீரும் மைக்ரோவேவும் வேண்டவே வேண்டாம், வயிற்றுத் தோல் வெந்து கிழியும். பாம்பின் மேலுதட்டுக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. எலியின் தலை சில்லென்றிருந்தால் பாம்புக்கு அது இரையே இல்லை. கொடுக்கும் முன் தலையை மட்டும் மறுபடி சூடாக்குங்கள்.

முதல் எலி, வழக்கமான சுண்டெலியின் எடையே இருக்கட்டும். பெரிய எலியைக் கண்டு பயந்தால் வாரக்கணக்கில் பின்னடைவு. நீண்ட இடுக்கியில் லேசாக அசையுங்கள். கழுத்து வளைந்து பின்வாங்கி, நாக்கு நிதானமாக நீண்டு வந்தால் அசைப்பதை நிறுத்திக் காத்திருங்கள். தலையைச் சுருட்டி ஒளித்துக்கொண்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மிஞ்சியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள். அடுத்த முயற்சி 7 நாள் கழித்து.

ஏற்காட்டுக்காரர்கள் கவனிக்க: டிசம்பர் இரவில் பாம்புக் கூண்டின் சூடான பக்கம் 31 டிகிரிக்குக் கீழே இறங்கினால் எந்த வாசனையும் உதவாது. முதலில் தெர்மோஸ்டாட்டை (கூண்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) பாருங்கள். சேலத்தில் மே மாதம் இதற்கு நேர்மாறு, குளிர்ந்த பக்கமே 30-ஐத் தாண்டிவிடும்.

பாம்பின் உடல் எடை 10 சதவீதம் குறைந்தால் பழைய சுண்டெலியையே கொடுத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.