போலீஸ் நோட்டீஸுக்குப் பதில் எழுத மாதிரிக் கடிதம் வேண்டும்

வணக்கம். கைது, விசாரணை, வேலைநீக்கம் மூன்றுக்கும் ஒரே பக்கத்தில் உரிமைக் குறிப்பு தயாராகிறது. குழுவிலுள்ள வழக்கறிஞர்கள் இரண்டு இடங்களில் கைகொடுக்க வேண்டும்.

கைது பகுதி முடிந்தது. காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்: எல்லாம் அரசமைப்பின் 22ஆவது பிரிவில் உள்ளதுதான்.

சிக்கல் நோட்டீஸில். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 35(3) நோட்டீஸ் சந்தேகத்துக்கு உள்ளானவருக்கு. அதே சட்டத்தின் பிரிவு 179 நோட்டீஸ் சாட்சிக்கு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் 35(6)இன்படி கைதுக்கே வழி திறக்கும். பின்னதில், பெண்களையும் 60 வயது தாண்டிய ஆண்களையும் நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் 35(3) நோட்டீஸ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொல்லிவிட்டது. ஆனாலும் சும்மா இருப்பது ஆபத்து. பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்டில் பதில் போடுவதே நல்லது.

அந்தப் பதிலுக்குத்தான் மாதிரி தேவை. ஆஜராகத் தயார் என்ற வரி, நோட்டீஸ் நகல் கோரிக்கை, மாற்றுத் தேதி, இவ்வளவு போதும். வழக்கின் சங்கதி ஒரு வரிகூட வேண்டாம், அதுவே பின்னால் எதிராகத் திரும்பும்.

இரண்டாவது, தனியார் நிறுவன ஊழியர்கள். அடிப்படை உரிமை மீறல் என்று நிறுவனத்தின் மேல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் பெரும்பாலும் நிற்பதில்லை. தொழிலாளர் சட்டம்தான் கைகொடுக்கும். தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின் வேலைநீக்க மனுவை உங்கள் மாவட்டத்தில் எந்த அலுவலகம் வாங்குகிறது? நேரில் தாக்கல் செய்தவர்கள் மட்டும் சொல்லுங்கள். மாதிரிக் கடிதத்தில் கட்சிக்காரர் பெயரை அழித்துவிட்டுப் போடவும்.