வைத்தியத்துக்கு வெளியூர் போற புள்ளைங்க குடும்பம் தங்கற எடத்துக்குக் காசு கேட்டுப் போனப்ப மனசுல ஒட்டிக்கிட்டது எது? உங்க அனுபவத்த சொல்லுங்க

பாலக்கோட்டான்:

ஆபரேஷனுக்குன்னு கேட்டா 500 நீட்டறவரு, வாடகைக்குன்னு சொன்ன ஒடனே கைய உள்ள இழுத்துக்குவாரு. இங்க இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச கதை தான், அதனால நேரா வர்றேன். பெங்களூர்ல ஆஸ்பத்திரி பக்கம் ரெண்டு ரூம் வீடு, வைத்தியத்துக்கு வந்த நம்ம பக்கத்துப் புள்ளைங்களோட மூணு குடும்பம் தங்கும், மாசா மாசம் வாடகை சேக்கணும். போன வருஷம் வெடியால 5 மணிக்கே பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போயிட்டோம், நானும் இன்னும் ரெண்டு பசங்களும், கையில கியூஆர் கோடு ஒட்டுன அட்டை.

அன்னிக்கு வெல சுத்தமா படுத்துருச்சு. ஒரு கிரேடு, அதான் தக்காளிப் பெட்டி, 100 ரூபாய்க்குக் கூட கேக்க ஆளில்ல. ஒரு மண்டிக்காரர் "அதான் கவர்மெண்டு காப்பீட்டு அட்டைல வருஷத்துக்கு 5 லட்சம் வருதேப்பா"ன்னாரு. அது வைத்தியத்துக்குங்க, புள்ளைய உள்ள படுக்க வெச்சுட்டு அப்பன் எங்க படுப்பான்னு கேட்டேன், சிரிச்சுட்டு 200 போட்டாரு. அது இல்ல மேட்டர்.

ஒரு வயசான விவசாயி, மாரண்டஹள்ளி பக்கம்னு நெனைக்கறேன், நாங்க பேசறத பூரா நின்னு கேட்டுட்டு "காசு இல்ல சாமி, இந்தா இந்த ஒரு கிரேட தூக்கிட்டுப் போங்க, அங்க சமைக்கறாங்கல்ல"ன்னாரு. நான் என்ன சொன்னேன்னா, "இல்லீங்க ஐயா, நாங்க பணமா மட்டும் தான் வாங்கறோம்". பைக்ல எப்படிக் கட்டிக்கிட்டுப் போறதுங்கற நெனப்பு தான் அப்ப எனக்கு. அவரு ஒண்ணும் சொல்லல. தலைய ஆட்டிக்கிட்டே நாலு எட்டு தள்ளிப் போயி அந்தக் கிரேட ரோட்டோரம் கவுத்துட்டு, காலி கிரேட ரெண்டு தட்டு தட்டித் தோள்ல மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. மாடு ரெண்டு வந்து திங்க ஆரம்பிச்சுது.

அந்த ஞாயித்துக்கெழம அந்த வீட்டுக்குப் போனப்ப தெருமுனைல ரெண்டு கிலோ தக்காளி வாங்கிட்டுப் போனேன். கிலோ 30.

மத்தூர் அம்மா:

நான் கேட்டுப் போனவ இல்லீங்க, எனக்காகக் கேட்டாங்க. அதையும் இங்க எழுதலாம்னு நெனைக்கறேன்.

பையனுக்கு அப்ப 6 வயசு, ரத்தப் புத்துநோய். வைத்தியம் ரெண்டரை வருஷம்னாங்க. எல்லாரும் எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், "கிருஷ்ணகிரியிலருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர், எதுக்கு அங்க ரூமு, வந்து வந்து போ". கீமோ குடுத்த பொறவு ரத்தத்துல வெள்ளணு கவுண்ட் எறங்கிடும், அப்ப ஜுரம் 100.4 தாண்டுனா பாரசிட்டமால் குடுத்துட்டுப் பாக்கலாம்னு ஒக்கார முடியாது, ஒடனே ஆஸ்பத்திரில ஊசி ஏத்தணும். இது அவங்களுக்கு எங்க தெரியும். நானும் மொதல்ல வந்து வந்து தான் போனேன். ஒரு நாள் சாயங்காலம் ஜுரத்தோட பஸ் ஏத்திட்டேன், அத்திப்பள்ளி தாண்டி சந்தாபுராகிட்ட வண்டி நின்னுருச்சு, நகரவே இல்ல, முக்கா மணி நேரம். அவன் ஒடம்பு சூடு என் பொடவைக்கு மேல அடுப்புகிட்ட ஒக்காந்த மாதிரி அடிக்குது. பக்கத்து சீட்டுக்காரரு ஜன்னலோரம் எடம் விட்டாரு. அவ்வளவு தான் அவரால முடிஞ்சது.

அதுக்கப்பறம் தான் லாட்ஜு. லாட்ஜுல சமைக்கக் கூடாது, புள்ளைக்கு வெளிச் சாப்பாடு ஆவாது. இண்டக்ஷன் அடுப்ப பாத்ரூம்ல வெச்சுக் கதவ சாத்திக்கிட்டு கஞ்சி காச்சினேன். தாளிக்க மாட்டேன், வாசம் போயிடும்னு.

எங்க தங்கச்சி வீட்டுக்காரரு நல்லதுக்குத் தான் செஞ்சாரு, வாட்ஸ்அப்புல போட்டு ரூம் வாடகைக்கு 41,000 சேத்துக் குடுத்தாரு. ஆனா என் பையன் மொட்டத் தலையோட மூக்குல குழாயோட இருக்கற போட்டோவ எங்கள ஒரு வார்த்த கேக்காம போட்டுட்டாரு. இப்ப அவனுக்கு 9 வயசு, நல்லாருக்கான், ஸ்கூலுக்குப் போறான். போன மாசம் கூடப் படிக்கற பையன் அவங்கப்பா போன்லருந்து அந்தப் போட்டோவ எடுத்துக் காட்டி "இது நீ தான்"னு சொல்லிருக்கான். வந்து எங்கிட்ட கேக்கறான், "ஏம்மா என்ன வெச்சுக் காசு கேட்டீங்க?"

பதில் இன்னும் சொல்லல.

சிப்காட் ஷிப்ட் பி:

அக்கா கஷ்டம் புரியுது, ஆனா போட்டோ இல்லாம ஒருத்தனும் தர மாட்டான், இதயும் சொல்லித் தான் ஆவணும். நான் ஓசூர்ல கம்பெனில லைன் லீடர். கேன்டீன்ல ஒரு புள்ளையோட குடும்பம் தங்கற வாடகைக்குன்னு போட்டோ இல்லாம நோட்டீஸ் ஒட்டினேன், ஒரு வாரத்துல 1,140 ரூபா. அதே புள்ளைக்குப் போட்டோவோட ஒட்டினேன், சம்பள நாள்ல ரெண்டே நாள்ல 38,000. நீங்களே சொல்லுங்க நான் எத செய்யறது. (அந்தக் குடும்பத்துகிட்ட கேட்டுத் தான் ஒட்டினேன், ஆனா அவங்க வேணாம்னு சொல்ற நெலமைல இருந்தாங்களான்னா, இல்ல. அதயும் ஒத்துக்கறேன்.)

என் கதை அது இல்ல. காசு எண்ணிக்கிட்டு இருக்கறப்ப ஒருத்தர், பேரு வேணாம், டீ குடிச்சுக்கிட்டே "புள்ள தவறிப் போயிட்டா மிச்சக் காச என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டாரு. எனக்கு எங்கருந்து கோவம் வந்துச்சோ, சட்டையப் புடிச்சுட்டேன், சூப்பர்வைசர் வந்து வெலக்கி விட்டாரு. வாய்ல நல்ல வார்த்தையே வராதான்னு எல்லாரும் அவரத்தான் திட்டுனாங்க.

நாலாவது மாசம் பாப்பா போயிடுச்சு.

கையில 6,200 இருந்துச்சு. இருக்கு. ரெண்டு வருஷமா என் அக்கவுண்டுல தனியா வெச்சிருக்கேன். அவங்கம்மாவுக்குப் போன் பண்ணி "உங்க காசு மிச்சம் இருக்கு"ன்னு எந்த வாயால சொல்றது. அந்த ஆளு இப்பவும் அதே ஷிப்ட் தான், டெய்லி குட்மார்னிங் சொல்றாரு, அந்த விஷயத்த ஒரு நாளும் எடுத்ததில்ல. அவரு கேட்டது தப்பான கேள்வி இல்ல, இல்லீங்களா.

ஓய்வு பெற்ற காசாளர், தர்மபுரி:

தம்பி, அவர் கேட்டது தப்பே இல்லை. நீங்க நோட்டீஸ்லயே முதல் வரில எழுதியிருக்கணும், "மிச்சம் இருந்தா அடுத்த குடும்பத்தோட வாடகைக்குப் போகும்"னு. இதை எழுதாம வசூல் பண்றவங்கள நான் நிறையப் பாத்துட்டேன். 31 வருஷம் கேஷ் கவுண்டர்ல இருந்தவன், சில விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

சொந்த ஜிபே நம்பர் கொடுக்கவே கூடாது. ரெண்டு பேர் கையெழுத்து போடற மாதிரி தனி அக்கவுண்ட் வேணும். டிரஸ்டா பதிவு பண்ணி 80ஜின்னு சொல்ற வரிக்கழிவு அங்கீகாரம் வாங்கிட்டா கொடுக்கறவருக்கு வரில கழிவு கிடைக்கும், ஆனா பழைய வரிமுறைல இருக்கறவங்களுக்கு மட்டும் தான், அதுவும் ரொக்கமா 2,000க்கு மேல கொடுத்தா கழிவு கிடையாது. துபாய்ல இருக்கற மச்சான் அங்கத்திய நண்பர்கள்கிட்ட வசூல் பண்ணி அனுப்பறேன்னு சொன்னா சந்தோஷப்படாதீங்க, வெளிநாட்டுக்காரங்க காசுன்னா எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாம தொடக்கூடாது. உண்டியல் வெச்சா மூணு பேர் முன்னாடி திறந்து, எண்ணி, அங்கேயே எழுதிக் கையெழுத்து.

இன்னொண்ணு, ரயில்வேல கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர்ல முழு சலுகை, கூடப் போறவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரில ஒரு படிவம் வாங்கினா போதும். மத்தூர் அம்மா இதைப் பயன்படுத்தியிருக்கலாம்.

வாடகைக்கு யார் கொடுப்பாங்கன்னு கேக்கறீங்க. அமெரிக்காவுல பிலடெல்பியால 1974ல இப்படி ஒரு வீடு திறந்தாங்க, அந்த ஊர் ஃபுட்பால் டீம் ஆட்டக்காரர் ஒருத்தர் பொண்ணுக்கு ரத்தப் புற்றுநோய், ஆஸ்பத்திரில பெத்தவங்க நாற்காலில தூங்கறதப் பாத்துட்டு டீமே சேந்து வசூல்ல எறங்குச்சு, மெக்டொனால்ட்ஸ்காரங்க ஒரு பச்சை மில்க் ஷேக் வித்த காசைக் கொடுத்தாங்க. இன்னைக்கு உலகம் பூரா அந்த மாதிரி வீடு இருக்கு. நம்ம நாட்டுலயே செயின்ட் ஜூட்ஸ்ங்கற அமைப்பு 2006ல மும்பைல ஆரம்பிச்சு இப்ப சென்னை வரைக்கும் வந்தாச்சு, கேன்சர் குழந்தைங்க குடும்பத்துக்கு இலவசமாத் தங்க எடம், ஒவ்வொரு குடும்பமும் தானே சமைச்சுக்கலாம். பாத்ரூம்ல ஒளிஞ்சு சமைக்க வேண்டியதில்லை. ஒரு மில்க் ஷேக்கால முடிஞ்சது நம்ம மாங்கனிக் கண்காட்சில ஒரு மாங்கா ஜூஸ் ஸ்டால் போட்டா முடியாதா? நாலு ரோடு டீக்கடை ஒவ்வொண்ணுலயும் ஒரு டப்பா வெச்சா முடியாதா? யோசிங்க.

என் அனுபவம்னா, நான் இன்னும் யார்கிட்டயும் போய்க் கேட்டதில்லை.

மத்தூர் அம்மா:

ஐயா, ஜுரம் 102 அடிக்கறப்ப ரயிலு எத்தன மணிக்குன்னு பாத்துக்கிட்டு ஒக்கார முடியாதுங்க. சலுகைய நாங்களும் வாங்கினோம், செக்கப்புக்குப் போறப்ப.

பென்னாகரம் குமாரு:

ஐயா டீக்கடை டப்பாவப் பத்திப் பேசிட்டு நீங்க யாருகிட்டயும் கேட்டதில்லனு கடசில சொன்னீங்களே, படிச்சுட்டு சிரிச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா அக்கவுண்ட் மேட்டர் கரெக்ட்டு.

நாங்க ஆடி 18க்கு ஒகேனக்கல்ல உண்டியலோட நின்னோம், கூட்டம் தெரியும்ல, நிக்க எடமில்ல. மீன் வறுக்கற அக்காங்க வரிசையா ஒக்காந்திருப்பாங்கல்ல, அதுல ஒரு அக்கா கரண்டிய எண்ணெயில விட்டுட்டு எங்கள நிப்பாட்டி எல்லாம் வெவரமா கேக்குது. எந்த ஊர்ல வீடு, எத்தன பேரு, பாத்ரூம் உள்ளயா வெளியவா, தண்ணி வருமா. காசு போடறவன் எவனும் கேக்காத கேள்வி எல்லாம் கேட்டுட்டு கடசில "அந்த வீட்ல மீனு ஆக்க வுடுவாங்களா?"ன்னுச்சு.

விட மாட்டாங்க. ஓனரு வெஜ் மட்டும்னு சொல்லித் தான் சாவிய குடுத்தாரு, அக்ரிமெண்டுல நாங்க கையெழுத்து போட்டிருக்கோம், முட்ட கூட ஆவாது. வாடகை கம்மி, ஆஸ்பத்திரிக்கு நடக்கற தூரம், அதனால சரின்னுட்டோம். நான் மென்னு முழுங்கினேன். அந்த அக்கா புரிஞ்சுக்கிச்சு. "வாயில எதுவும் வைக்காத புள்ள ஒரு நாளைக்கு ஆசப்பட்டு மீனு கேட்டா அவங்கம்மா எங்க போவா?"ன்னுச்சு. கைய மாராப்புல தொடச்சுட்டு 50 ரூபா போட்டுச்சு. போட்டுட்டு "வேற வூடு பாருங்கப்பா"ன்னுச்சு.

அன்னிக்கு மொத்த வசூல் 17,000த்துச் சொச்சம். வேற வீடு இன்னும் கெடைக்கல, பாத்த ரெண்டு மூணும் எங்க பேர கேட்டுட்டு, எந்த ஊரு என்ன ஆளுங்கன்னு கேட்டுட்டு, "சொல்லி அனுப்பறோம்"னு சொல்லிட்டாங்க.

பாலக்கோட்டான்:

குமாரு, எங்க வீட்டு ஓனரும் இதே தான்யா. முட்ட மட்டும் விடறாரு, முட்ட ஓட்ட வெளிய போடக் கூடாதாம்.

மத்தூர் அம்மா:

சிப்காட் தம்பிக்கு ஒண்ணு. காசாளர் ஐயா சொல்ற மாதிரி அடுத்த குடும்பத்துக்குனு நீங்களா முடிவு பண்ணிக் குடுத்துடாதீங்க. அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணுங்க. புள்ளய பத்திப் பேசறதுக்கு யாருமே போன் பண்ண மாட்டாங்க பாருங்க, எங்க வார்டுல பக்கத்துக் கட்டில்ல இருந்த ஒருத்தி எங்கிட்ட அதத்தான் சொல்லி அழுதா. போட்டோ சண்டை நமக்குள்ள அப்பறம் வெச்சுக்கலாம், அதுல நான் விட மாட்டேன்.

சிப்காட் ஷிப்ட் பி:

பண்ணேன் அக்கா. நேத்து ஷிப்ட் முடிஞ்சு பார்க்கிங்ல நின்னுக்கிட்டே பண்ணேன். காசப் பத்தி ஆரம்பிக்கறதுக்குள்ள பாப்பாவப் பத்தி அவங்களே கால் மணி நேரம் பேசினாங்க, நோட்டீஸ்ல போட்டிருந்த அந்தப் போட்டோ அவங்ககிட்ட இல்லயாம், போன் தொலஞ்சுருச்சாம், அனுப்ப முடியுமான்னு கேட்டாங்க. அனுப்பிட்டேன். அப்பறம் 6,200 மிச்சம் இருக்கறதச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, கட் ஆயிடுச்சோன்னு பாத்தேன். "நாங்க தங்கியிருந்த அந்த வீட்ல குக்கருக்கு ரப்பர் போயிடுச்சு, நான் இருக்கறப்பவே, தட்டு மேல அம்மிக்கல்லு வெச்சுத் தான் சோறு ஆக்கினோம், நல்ல குக்கரா ஒண்ணு வாங்கிப் போடுங்க"ன்னாங்க.

மூணு குடும்பத்துக்கு அஞ்சு லிட்டர் போதுமா, இல்ல ஏழரையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, சனிக்கெழம ஓசூர்ல வாங்கறேன்.