ஒகேனக்கல் பரிசலுக்கு நேரம் குறித்த முன்பதிவு வேண்டுமா?

ஓசூர்க்காரன்:
ஆடிப்பெருக்கு, பொங்கல் விடுமுறை என்றால் ஒகேனக்கல்லில் கால் வைக்க இடமில்லை. பரிசல் டிக்கெட்டுக்கு வெயிலில் வரிசை. திருப்பதியில் தரிசனத்துக்கே நேரம் குறித்துத் தருகிறார்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டது. பரிசலுக்கும் மணிக்கு இத்தனை பேர் என்று கைபேசியில் பதிவு செய்யும் முறை கொண்டுவரலாம் என்கிறேன். இதை யாராவது எதிர்ப்பார்களா?

பென்னாகரத்தான்:
நான் எதிர்க்கிறேன். மலை அங்கேயே இருக்கும் நண்பரே, ஆறு அப்படி இருக்காது. கர்நாடகத்தில் கபினி, கே.ஆர்.எஸ் அணைகளைத் திறந்துவிட்டால் இங்கே கதை மாறிவிடும். 2024 ஜூலை, ஆகஸ்டில் வரத்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. பரிசல் துறையே மூடிக் கிடந்தது. பதினோரு மணிக்குப் பதிவு செய்தவன் பெங்களூருவிலிருந்து குடும்பத்தோடு வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்?

தண்ணீர் குறைந்தாலும் சிக்கல்தான். பாறை தட்டும் இடத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, ஓட்டுபவர் பரிசலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடக்கணும். அப்புறம் மறுபடி இறக்கி ஏற்றணும். இதில் எந்தச் சவாரி எத்தனை நிமிடம் என்று எப்படிக் கணக்குப் போடுவது? போதாக்குறைக்கு நாளைக்கே நட்சத்திர மதிப்பெண் கேட்பீர்கள். பரிசல் ஓட்டுபவர்களில் வாட்டசாட்டமான நாலு பையன்களுக்கே சவாரி போகும், வயசான பரிசல்காரர் கரையில் உட்கார்ந்திருப்பார்.

ஓசூர்க்காரன்:
நான் சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள். எந்தப் பரிசல் என்று பயணி தேர்வு செய்யவே வேண்டாம். முறை வைத்து ஓட்டுவது அப்படியே இருக்கட்டும், சீட்டில் நேரம் மட்டும் இருந்தால் போதும்.

வெள்ளத்துக்கும் அதுதான் மருந்து. மேலே திறக்கும் தண்ணீர் உடனே இங்கே வந்து நிற்பதில்லை, ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளவும் எடுக்கிறார்கள். பதிவு செய்தவரின் எண் கையில் இருந்தால், தடை போட்ட நிமிடமே ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். இப்போது பாதிப் பேர் ஊருக்குள் வந்த பிறகுதானே தெரிந்துகொள்கிறார்கள்?

மீன்சட்டி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். அங்கே சமைத்துக் கொடுப்பவர்கள் பக்கத்தையும் யாராவது பேசுங்கள். எங்கள் சின்னம்மா இன்னும் அந்த வேலைதான் செய்கிறார். வந்தவர்கள் கட்லா மீனோ ஜிலேபி மீனோ வாங்கிக் கொடுத்தால் கழுவி, மசாலா தடவி, பாதி வறுவல் பாதி குழம்பு என்று சோற்றோடு கொடுப்பார். காத்திருக்கிறவர்கள்தான் மீன் வாங்குவார்கள், எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். மணியடித்த மாதிரி வந்து, ஏறி, இறங்கிப் போனால் அடுப்பு யாருக்கு எரியும்?

ஓசூர்க்காரன்:
அக்கா, வரிசையில் நிற்பவர் எப்படி மீன் வாங்குவார்? இடம் போய்விடும் என்று நகரவே மாட்டார். இரண்டு மணிக்குத்தான் சவாரி என்று தெரிந்தால் பன்னிரண்டு மணிக்கே சின்னம்மாவிடம் வந்துவிடுவார்.

மீன்சட்டி:
வரிசையில் அப்பா நிற்பார், மீன் வாங்க அம்மா வருவாங்க தம்பி. குடும்பத்தோடு வந்து பாருங்கள், தெரியும்.

தகடூரான்:
ஆறு மூடிய நாளில் வந்தவர்களை எங்கே அனுப்புவது என்று யாருமே கேட்கவில்லையே. ஓர் இடத்தையே நம்பிப் பிழைப்பதுதான் இங்கே நோய். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லசந்திரத்தில் வட்டத் துளை போட்ட பலகைக் கற்களோடு, இறந்தவர்களுக்காக அந்தக் காலத்தில் எழுப்பிய கற்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. அதே மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். தடை என்று குறுஞ்செய்தி அனுப்பும்போதே இவற்றுக்கு வழியும் சொல்லி, உள்ளூர்ப் பிள்ளைகளைப் பழக்கி வழிகாட்டியாக நிறுத்தினால் அதுதான் புதுமை. கேரளத்தில் குமரகத்தில் ஊர்க்காரர்கள் விளைத்த காய்கறியை விடுதிகள் வாங்கும்படி ஏற்பாடு செய்தார்கள். அதில் பெரிய கருவி எதுவும் இல்லை, யாருக்குக் காசு போகணும் என்ற முடிவுதான் இருந்தது.

பென்னாகரத்தான்:
நல்ல யோசனைதான் ஐயா. ஆனால் தோளில் துண்டும் கையில் சோப்புமாகக் குளிக்க வந்தவனிடம் கற்திட்டையைக் காட்டினால் அடிக்க வருவான். அவன் வேற ஆள், கல்லைத் தேடி வருபவன் வேற ஆள். இரண்டாவது ஆளுக்குத் தனியாகத் திட்டம் போடுங்கள், நானே மல்லசந்திரத்துக்கு வண்டி ஓட்டுகிறேன்.

தகடூரான்:
பத்துப் பேரில் ஒருவர் வந்தாலே அந்த ஊருக்கு அது கூட்டம் ஐயா. இப்போது அந்த ஒருவருக்கும் வழி சொல்ல ஆளில்லை.

ஓசூர்க்காரன்:
சரி, பாதிச் சீட்டு முன்பதிவில், மீதி கவுண்டரில். பஸ்ஸில் சாதா போனோடு வருகிறவரும் விட்டுப்போக மாட்டார். இது ஒத்துவருமா?

பென்னாகரத்தான்:
பாதிக்குப் பாதி என்றால் பேசலாம். ஆனால் இரண்டு விஷயத்தை முதலில் எழுத்தில் கொடுங்கள். ஒன்று, தடை போட்ட நாளில் பணத்தைத் திருப்பித் தருவது யார் பொறுப்பு? அது பரிசல்காரன் தலையில் விழக்கூடாது. இன்னொன்று, முன்பதிவுப் பணத்தில் அவனுடைய பங்கு அன்றைக்குச் சாயங்காலமே கைக்கு வரணும். பத்து நாள் கழித்து வங்கியில் ஏறும் என்றால் அன்று வீட்டுக்கு அரிசி வாங்க அவன் கடனுக்குத்தான் போகணும்.