பனிக்காலத்தில் விருந்துக்குக் கூப்பிடுகிறீர்களா? காத்திருந்தாலும் கெடாத சமையலாகப் பாருங்கள்

பொங்கல் வருகிறது, ஊர்ப்பக்கத்து இரண்டு மூன்று குடும்பங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட ஆசை, ஆனால் வெளியே ஒரே ஐஸாகக் கிடக்கிறதே என்று தயங்குகிறீர்களா? தாராளமாகக் கூப்பிடுங்கள். கனடாவில் டொராண்டோ, பிராம்ப்டன், மிசிசாகா பக்கம் புதிதாக வந்தவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

இரவுச் சாப்பாடு வேண்டாம், மதியச் சாப்பாடாக வையுங்கள். டிசம்பர் கடைசியில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், பகலில் உருகிய தண்ணீர் திரும்ப உறைந்து கண்ணுக்கே தெரியாத பிளாக் ஐஸ் ஆகிவிடும். பார்க்கிங் தொல்லையும் உண்டு. மிசிசாகாவில் நவம்பரிலிருந்து மார்ச் முடியும்வரை அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை தெருவில் வண்டியை நிறுத்தி வைக்கக்கூடாது, பிராம்ப்டனில் அது வருடம் முழுக்கவே அப்படித்தான். பேச்சு சுவாரஸ்யத்தில் உட்கார்ந்துவிடுகிறவர்களுக்குக் காலையில் கார் கண்ணாடியில் அபராத டிக்கெட் இருக்கும்.

புதிதாக வந்தவர்கள் மைனஸ் 20 என்றால் நடுங்குகிறார்கள், 0 என்றால் அப்பாடா என்கிறார்கள். நான் பயப்படுவது 0-ஐ ஒட்டிய நாளுக்குத்தான். மேலே கொஞ்சம் சூடான காற்றில் மழையாக இறங்கி, கீழே உறைநிலையில் இருக்கும் எதைத் தொட்டாலும் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும் ஃப்ரீசிங் ரெயின் அப்போதுதான் வரும். 2013 டிசம்பரில் அப்படிப் பெய்ததில் டொராண்டோவில் மட்டும் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் போய்விட்டன. அதனால் கனடா அரசின் வானிலை ஆப்பான வெதர்கேனில் அந்த எச்சரிக்கையைப் பார்த்தால் நீங்களே முந்திக்கொண்டு "அடுத்த வாரம் வாங்க அண்ணா" என்று சொல்லிவிடுங்கள். நம் ஆட்கள் ஒப்புக்கொண்ட வீட்டுக்கு வராமல் இருக்கக் கூச்சப்பட்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு வழுக்கி வழுக்கியாவது வந்து சேருவார்கள்.

சரி, சமையல். பன்னிரண்டரைக்கு வரச் சொன்னால் இரண்டு மணிக்கு வந்தாலும் வியப்பில்லை, ரோடு அப்படி. ஆகவே தோசை, பூரி, ஆப்பம் என்று அடுப்படியிலேயே நிற்கவைக்கும் பண்டங்களை மறந்துவிடுங்கள். நிற்க நிற்க ருசி ஏறும் சங்கதிகள் நம்மிடம் ஏராளம்: மட்டன் குழம்பு, வத்தக்குழம்பு, காரக்குழம்பு எதையும் முந்தின நாளே வைத்துவிடலாம். சாதத்தையோ பிரியாணியையோ இறுக மூடி ஓவனில் 170 ஃபாரன்ஹீட்டில் வைத்தால் ஒன்றரை மணி நேரம் சூடு குறையாது. சாம்பார்தான் இறுகிக்கொண்டே போகும், பரிமாறும் முன் கொதிக்கும் வெந்நீர் விட்டு இளக்க வேண்டும், பச்சைத் தண்ணீர் விட்டால் கெட்டது. எவர்சில்வர் தட்டு இந்தக் குளிரில் சில்லென்று இருக்கும், சாதம் விழுந்த வேகத்தில் ஆறிவிடும். வெந்நீரில் அலசித் துடைத்து எடுத்து வையுங்கள். வந்தவர்கள் கோட்டைக் கழற்றிய கையோடு டம்ளரில் மிளகு ரசம் கொடுத்துப் பாருங்கள், முகம் மாறுவது தெரியும்.

இட்லிதான் வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தால், மாவை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள். பல ஓவன்களில் அந்த பல்பின் சூடே மாவு பொங்கப் போதும். கதவில் "உள்ளே மாவு" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள், யாராவது பிரீஹீட் போட்டுவிடப் போகிறார்கள்.

தாளிப்பை எல்லாம் ஆட்கள் வருவதற்கு முன்பே முடியுங்கள். நிறைய அபார்ட்மென்ட்களில் அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேன் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி வழியாக வீட்டுக்குள்ளேயே திருப்பி ஊதும். ஜன்னல் மூடியிருக்கும் வீட்டில் வரமிளகாய் கருகினால் முதலில் இருமல், அப்புறம் அலாரம். ஜன்னலை இரண்டு விரல் திறந்துவிட்டுக் கடுகு போடுங்கள். வந்தவர்களின் ஜாக்கெட்டுகளைப் படுக்கையறையில் போட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள், இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஆபீஸ் லிஃப்டில் உங்கள் வெங்காய வதக்கல் மணக்கும். பொங்கல் பொங்கி வழியட்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கிளாஸ் டாப் அடுப்பில் வெல்லப்பாகு வழிந்து இறுகினால் கண்ணாடியே பாழாகும். வெறும் பாலைப் பொங்கவிட்டு, வெல்லத்தை அப்புறம் சேருங்கள்.

பால்கனியை ஃபிரிட்ஜாக்குவது எல்லாரும் செய்வதுதான், ஆனால் வெயில் அடித்தால் அங்கே 4 டிகிரியைத் தாண்டிவிடும். கறி, மீனை மட்டும் அங்கே வைக்காதீர்கள். கரண்ட் போனால் பார்பெக்யூவையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள்ளோ கராஜிலோ பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.

வாசலை மறந்துவிடாதீர்கள். பேஸ்மென்டில் குடியிருப்பவர்களுக்குப் பக்கவாட்டு நடைதான் வழி, வெயில் படாது, கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயும் பெரும்பாலும் அங்கேதான் வந்து முடியும், அதன் வாயடியில் ஒரு பாளம் ஐஸ் கட்டாயம் இருக்கும். ஆட்கள் வர ஒரு மணி நேரம் இருக்கும்போதே உப்புத் தூவுங்கள். மைனஸ் 10-க்குக் கீழே போனால் சாதாரண உப்புக்கு அவ்வளவாக வேலை ஓடாது, கால்சியம் குளோரைடு என்று போட்ட பையாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே பூட்ஸ் வைக்க ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரே, தாத்தா பாட்டி வருகிறார்கள் என்றால் உட்கார்ந்து பூட்ஸ் கழற்ற ஒரு ஸ்டூல். உருகிய பனியில் மிதித்த ஈரச் சாக்ஸோடு யாருக்கும் சாப்பாடு இறங்காது, இரண்டு மூன்று ஜோடி வீட்டுச் செருப்பு எடுத்து வையுங்கள்.

மூன்று மணிக்கெல்லாம் காபி போட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு ஸ்னோ பேன்ட், பூட்ஸ், கையுறை எல்லாம் மாட்டி, காணாமல் போன ஒற்றைக் கையுறையைத் தேடி எடுத்து, வாசலில் நின்று பேசி முடித்துக் கிளம்ப அரை மணியாவது ஆகும், வெளிச்சம் இருக்கும்போதே அவர்கள் ரோட்டைப் பிடிக்க வேண்டும்.