வெளிநாட்டில் கார் மக்கர் பண்ணும் முன்பே யோசித்து வைக்க வேண்டியவை

புதிதாக வந்து முதல் கார் வாங்கியவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: வண்டி நடுவழியில் நின்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. எந்தக் கார் வாங்கலாம் என்று அலசி ஆராய்ந்தவர்கள்கூட இதை யோசித்திருக்க மாட்டார்கள். பழுது எங்கேயும் வரும். ஆனால் புது நாட்டில், யாரை நம்புவது என்றே தெரியாத நேரத்தில் அவசர அவசரமாக முடிவெடுக்க வேண்டி வருகிறது. அந்த முடிவுகளில் பாதியை வண்டி நன்றாக ஓடும்போதே எடுத்து வைத்துவிடலாம்.

இன்றைக்கே இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து, சாலையோர உதவி அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கார் என்றால் தயாரிப்பு நிறுவனமே கொடுத்திருக்கலாம். இரண்டிலும் இல்லையென்றால் வாகன ஓட்டிகள் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். அமெரிக்காவில் ஏஏஏ, ஜெர்மனியில் ஏடிஏசி, பிரிட்டனில் ஏஏ, ஆர்ஏசி என்று பல நாடுகளிலும் உண்டு. சேரும் முன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். எவ்வளவு தூரம் வரை வண்டியை இழுத்துப் போவார்கள்? வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் ஆகாவிட்டால் வருவார்களா? சில திட்டங்களில் இந்த இரண்டாவதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுதான் அது தெரியவரும்.

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் காரைவிட உயிர் முக்கியம். முடிந்தவரை ஓரங்கட்டி, ஹஸார்டு விளக்கைப் போட்டு, வண்டிகள் போகாத பக்கத்துக் கதவு வழியாக எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். குளிராக இருக்கிறதே என்று குழந்தைகளை உள்ளே உட்கார வைக்காதீர்கள். ஒளிரும் மேல்சட்டையை டிக்கியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பிரான்ஸில் சட்டமே அப்படித்தான். முக்கோண எச்சரிக்கைப் பலகை விஷயத்தில் நாட்டுக்கு நாடு விதி மாறும். ஜெர்மனியில் அது காரில் இருந்தே ஆக வேண்டும். பிரிட்டனில் மோட்டார்வேயில் அதை வைக்கவே கூடாது. அவசர எண் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. நீங்கள் கூப்பிடாமலே ஒரு டோயிங் வண்டி வந்து நின்றால், யார் அனுப்பியது என்று கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்த வேண்டும், மஞ்சள் என்றால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள். வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற நினைப்பில் என்ஜினே போய்விடும். சூடேறி நின்ற வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

குளிர் நாடுகளுக்கு வந்தவர்களுக்கு அதிகம் தொல்லை கொடுப்பது பேட்டரி. குளிரில் அதன் சக்தி குறையும், அதே நேரம் ஆயில் கெட்டியாகி என்ஜினைச் சுழற்றக் கூடுதல் சக்தி தேவைப்படும். சாவியைத் திருப்பினால் டக் டக் என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பேட்டரிதான். இன்னொரு காரின் பேட்டரியை வைத்து ஸ்டார்ட் செய்ய ஜம்பர் கேபிள் போடும்போது வரிசை முக்கியம். சிவப்புக் கேபிளின் ஒரு முனையை முதலில் இறங்கிப்போன பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். அப்புறம் கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் கடைசி முனையை ஸ்டார்ட் ஆகாத காரின் என்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கலாம். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு அருகில் அது கூடாது. எடுக்கும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். சில கார்களில் இடம் மாறும், கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாளும் இறங்கிப்போனால் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள், என்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும்.

ஒர்க்‌ஷாப்பில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். யூடியூபைப் பார்த்துவிட்டு, "ஆல்டர்னேட்டரை மாத்திடுங்க" என்று நீங்களே சொன்னால் அதைத்தான் மாற்றுவார்கள். பணமும் கட்டுவீர்கள், பிரச்சினையும் அப்படியே இருக்கும். என்ன பழுது என்று சொல்லாதீர்கள். என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள்: "பிரேக் போடும்போது முன்னால் இடது பக்கம் கிரீச்சென்று சத்தம் வருகிறது, காலையில் அதிகம், பத்து நிமிடம் ஓட்டினால் குறைகிறது." சத்தத்தை போனில் பதிவு செய்து காட்டுங்கள். மொழி தடுமாறினால் எழுதியே கொடுங்கள், அதில் கூச்சமே வேண்டாம். மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, அதற்கு மேல் எது செய்வதானாலும் முதலில் என்னைக் கூப்பிடுங்கள் என்று அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்கலாம். தொகை பெரிதாக இருந்தால், வண்டி ஓட்டும் நிலையில் இருக்கும்வரை இன்னொரு இடத்திலும் காட்டுங்கள். அங்கேயே தலையாட்ட வேண்டிய அவசியம் இல்லை.

வாரன்டி போய்விடும் என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் டீலரிடமே போகிறவர்களும் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும், வெளியே சர்வீஸ் செய்தீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மறுக்க முடியாது. ரசீதுகளை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். பழைய கார் வாங்கியிருந்தால், முன்பக்கக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் இருக்கும் 17 எழுத்து வாகன அடையாள எண்ணைத் (VIN) தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, பாதுகாப்பு ரீகால், அதாவது குறைபாட்டைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைத்தது, ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் டீலரே இலவசமாகச் சரிசெய்து தருவார்.

நல்ல மெக்கானிக்கைக் கண்டுபிடிக்க, ஆயில் மாற்றுவது போன்ற சின்ன வேலையோடு போய்ப் பாருங்கள். கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா, சொன்ன தொகைதான் பில்லில் வருகிறதா, இது இப்போதைக்குத் தேவையில்லை என்று எதையாவது தள்ளிவைக்கிறாரா? அப்படிப்பட்டவர் கிடைத்தால் அவருடைய எண்ணை வீட்டில் எல்லோர் போனிலும் ஏற்றிவிடுங்கள்.